அரைக்காலும் பின்னப் பெருக்கமும்

டில்லி கரோல் பாக் கடைகளில் 'சவா', 'டேட்', 'டாயி' என்னும் சொற்கள் இன்றும் வழங்குகின்றன. ஒன்றேகால், ஒன்றரை, இரண்டரை என்பன அவற்றின் பொருள். இவற்றின் வாய்பாடுகளை வடநாட்டுப் பழைய பள்ளிகள் மனப்பாடமாகக் கற்பித்தன. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி அப்பணியைச் செய்தது. 1957 ஏப்ரல் 1 முதல் தசம நாணயம் வழக்குக்கு வரவே, அவை மெல்ல மறைந்தன. அதற்காகப் பெரிதும் வருந்த வேண்டியதில்லை. 1/320 ஆகிய முந்திரி வரை ஒப்பித்த சிறுவர் பட்ட பாடு சிறிதன்று.

ஆயினும் நல்லதொன்றும் உடன் கைநழுவிற்று. 'அரைக்கால்' என்ற சொல்லே ஒரு பெருக்கற் கணக்கு. காலில் அரை, அதாவது 1/2 × 1/4 = 1/8. பெருக்கினால் விடை ஏன் சிறுத்தது என்ற ஐயம் இங்கே எழுவதில்லை. தொகுதியைத் தொகுதியாலும் பகுதியைப் பகுதியாலும் பெருக்கும் விதியைப் பிரம்மகுப்தர் கி.பி. 628இலேயே வகுத்துரைத்தார். விதி சரியே, பொருளுக்கு முன்னால் விதியைப் புகட்டுவதுதான் தவறு.

இத்தவறு வகுப்பறையோடு நிற்பதன்று. கரோல் பாக்கை அடுத்துள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனை வயல்களாயினும், சிற்றூர் உழவரின் நிலமாயினும், களப் பணியாளர் பின்னமின்றி அளக்க இயலாது. முக்கால் ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு விதை வேண்டும் எனக் கொள்வோம். 3/4 × 2/3 = 6/12; அரை ஏக்கர். 'பெருக்கினால் பெருகும்' என்று மயங்கி வகுத்துவிடுபவருக்கு 9/8 ஏக்கர் கிடைக்கும். வயலைவிட விடை பெரிது! விதையும் மருந்தும் இரண்டேகால் மடங்கு செலவாகும்.

ஆசிரியருக்கு ஒரு தாள் போதும். நெடுக்கில் நான்காகவும் குறுக்கில் மூன்றாகவும் மடித்தால் பன்னிரண்டு கட்டங்கள் தோன்றும். நெடுக்கில் மூன்று பங்கும் குறுக்கில் இரண்டு பங்கும் சேருமிடத்தில் ஆறு கட்டங்கள். மாணவர் தாமே எண்ணிக் கண்டபின் விதியைக் கூறலாம். கரோல் பாக்கிலும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி உண்டு; அங்குள்ள பிள்ளைகள் வீட்டில் 'அரைக்கால்' என்றும், கடையில் 'சவா' என்றும் கேட்கக்கூடும். இரண்டையும் பாடத்தில் சேர்ப்பதற்குச் செலவொன்றுமில்லை.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. கால் × கால் = 1/16; இதற்கு மாகாணி என்று பெயர். ஆனால் அச்சொல் பெருக்கமன்று: மாவும் (1/20) காணியும் (1/80) கூடியது. மாவைக் காணியால் பெருக்கினால் 1/1600 மட்டுமே வரும்.