ஐயாயிரம் பேருக்கு வேலையாம்!

2024 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜாபில் நிறுவனத்தோடு தமிழக அரசு ஒப்பந்தம் போட்டது. திருச்சியில் 2,000 கோடி ரூபாயில் எலக்ட்ரானிக்ஸ் ஆலை, 5,000 பேருக்கு வேலை. திருவானைக்காவலில் பிள்ளையைப் படிக்கவைத்துவிட்டுக் காத்திருக்கும் எந்த வீட்டுக்கும் இது இனிப்பான செய்திதான்.

ஆலை வரட்டும், நல்லது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கைதட்டி, ஒருமுறை சூடுபட்ட ஊர் இது!

1965-ல் திருவெறும்பூரில் பெல் வந்தது. அதற்கு வேலை செய்து கொடுக்கத் துவாக்குடி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. 2007-ல் 10,000 மெகாவாட்டாக இருந்த பெல் நிறுவனத்தின் மொத்த ஆண்டு உற்பத்தித் திறன் 2012-ல் 20,000 மெகாவாட் ஆனது. பட்டறைக்காரர்களும் அதை நம்பி வங்கியில் கடன் வாங்கினார்கள், ஷெட் போட்டார்கள், மெஷின் இறக்கினார்கள். அப்புறம் அனல்மின் ஆர்டர்கள் குறைந்தன. மத்திய அரசு நிறுவனமான பெல் தாங்கியது. பட்டறைகள் தாங்கவில்லை. பல மூடப்பட்டன. 2023-க்குப் பிறகு பெல்லுக்கு ஆர்டர்கள் மறுபடி குவிகின்றன. பூட்டிய பட்டறைக்கு அதனால் என்ன லாபம்?

ஒரே வாடிக்கையாளரை நம்பிய வியாபாரம் இப்படித்தான் முடியும். ஸ்ரீபெரும்புதூரிலும் இதே கதைதான். 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதற்குப் பாகங்கள் செய்து கொடுத்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அடுத்த மாதமே உற்பத்தியை நிறுத்தியது. எண்ணிக்கை அறிவித்த நாளில் இருந்த ஆரவாரம், ஆட்கள் வெளியேறிய நாளில் இல்லை.

"ஏதோ ஒரு வேலை கிடைத்தால் போதாதா?" என்பார்கள். போதாது நண்பர்களே. சில மாத கான்ட்ராக்டில் இருப்பவருக்கு எந்த வங்கி வீட்டுக்கடன் தரும்? அவர் எதை நம்பித் தங்கையின் கல்யாணத்துக்குச் சீட்டு கட்டுவார்?

சலுகை கொடுக்கும் அரசு ஆண்டுதோறும் மூன்று கணக்குகளை வெளியிட வேண்டும். கம்பெனியின் சொந்த ரோலில் எத்தனை பேர்? கான்ட்ராக்டர் வழியாக எத்தனை பேர்? ஓராண்டுக்கு மேல் நிலைத்தவர்கள் எத்தனை பேர்?

அந்தக் கடைசி எண் 5,000-ஐத் தொடும் நாளில் தாராளமாகக் கைதட்டலாம். அதுவரை இது வெறும் அறிவிப்புதான்.