விருது வாங்கிய பிறகு வரும் வருடங்கள்

ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் வண்டலூர், பெருங்களத்தூர் தாண்டித் தாம்பரம். அங்கிருந்து குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் என்று போனால் பரங்கிமலை. மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட இடங்கள் இரண்டும் இந்தத் தடத்தில்தான் இருக்கின்றன. தாம்பரத்துச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இதழியல் பட்டயம் படித்தபோதுதான் இந்து ரெபெக்கா வர்கீஸைச் சந்தித்தார். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலிருந்து 2006 மார்ச்சில் லெப்டினன்டாக வெளியே வந்து, ராஜ்புத் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். 2009-இல் திருமணம். பிறகு ஒரு மகள்.

2014 ஏப்ரல் 24 அன்று தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல். காஷ்மீரின் அனந்தநாக் தொகுதியிலும் அன்றுதான் வாக்குப்பதிவு. மாலையில், வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த தேர்தல் பணியாளர்கள் மீது ஷோபியான் பகுதியில் தீவிரவாதிகள் சுட்டதில் ஒருவர் இறந்தார். மறுநாள் காஸிபத்ரி கிராமத்தில் தீவிரவாதிகள் பதுங்கியிருந்த வீட்டை 44-ஆவது ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் படையினர் சுற்றிவளைத்தனர். அவர்களை வழிநடத்திச் சென்ற முகுந்த் குண்டடிபட்டு இறந்தார். 31 வயது முடிந்து 13 நாள்தான் ஆகியிருந்தது. அதே சண்டையில் சிப்பாய் விக்ரம் சிங்கும் உயிரிழந்தார். ஓட்டுப் போட்ட மை தாம்பரத்துக்காரர்களின் விரலில் அழிவதற்குள் முகுந்தின் உடல் சென்னை வந்துவிட்டது. பெசன்ட் நகர் மயானத்தில் ராணுவ மரியாதையுடன் தகனம் நடந்தது.

2015 குடியரசு தின விழாவில் அசோக் சக்ரா விருதைக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியின் கையிலிருந்து இந்து பெற்றுக்கொண்டார். அந்த ஆண்டு விழாவின் சிறப்பு விருந்தினர் அமெரிக்க அதிபர் ஒபாமா. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அந்த வீட்டைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

2024 தீபாவளிக்கு முகுந்தின் கதையைச் சொல்லும் ‘அமரன்’ திரைப்படம் வந்ததும் நிலைமை தலைகீழானது. படத்தைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் ஏராளம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முகுந்த் என்ன சாதி, அதைப் படத்தில் ஏன் காட்டவில்லை என்றொரு கூட்டம் கிளம்பியது. அவரை இந்தியர், தமிழர் என்று காட்டினால் போதும் என்று குடும்பத்தினரே கேட்டுக்கொண்டதாக இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி மேடையேறி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. படத்தில் நாயகியின் எண்ணாகக் காட்டப்பட்ட கைபேசி எண் தன்னுடையது என்று சென்னை மாணவர் ஒருவர் புகார் செய்தார். நாயகியிடம் பேச வேண்டும் என்று இரவு பகலாக அழைப்பு வந்ததில் அவரால் படிக்கவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை. படத்தோடு தொடர்பே இல்லாத ஒருவருக்கே இந்தப் பாடு.

நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர் எல்லோருக்கும் சொந்தம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், குடும்பத்துக்கு அவர் மேல் இருக்கும் உரிமையில்தான் ஊர் கைவைக்கிறது.

பரங்கிமலையை ஒட்டிய நந்தம்பாக்கத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கான மெட்ராஸ் போர்க் கல்லறை இருக்கிறது. 1952-இல் பல ஊர்களின் கல்லறைகளை ஒன்றுசேர்த்து அமைத்தார்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். மேலே படைப்பிரிவின் சின்னம், பெயர், இறந்த தேதி, வயது. கல்லின் அடிப்பகுதியை மட்டும் குடும்பத்துக்கென்று ஒதுக்கினார்கள். அங்கே என்ன எழுதுவது, எழுதலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்தது வீட்டார்தான். அரசாங்கமும் குடும்பமும் ஒரே கல்லில் தங்கள் எல்லையை வகுத்துக்கொண்டன. இன்றைய ரசிகர்களும் சாதிச் சங்கங்களும் அந்த எல்லையைக் கற்றுக்கொள்ளலாம்.

சங்கடம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. குடும்பம் என்று யாரைச் சொல்வது என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. ராணுவத்தில் சேரும் இளைஞரின் ஆவணங்களில் நெருங்கிய உறவாகப் பெற்றோர் பெயர் இருக்கும். திருமணமானதும் அந்த இடத்துக்கு மனைவி வருவார். போரிலோ தீவிரவாதிகளுடனான மோதலிலோ வீரர் இறந்தால், அவர் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும் குடும்ப ஓய்வூதியமாகக் கிடைக்கும். அதில் முதல் உரிமை மனைவிக்கு. காப்பீடு, சேமநிதி போன்றவற்றில் வீரர் தாமே வாரிசுகளை நியமிக்கலாம்.

1999 கார்கில் போரில் படாலிக் பகுதியில் மே 29 அன்று வீழ்ந்த மேஜர் மாரியப்பன் சரவணனுக்கு வயது 26. ராமேஸ்வரத்தில் பிறந்தவர். ஒரு மாதத்துக்கும் மேலாக அவரது உடலை மலையிலிருந்து மீட்க முடியவில்லை. திருமணமாகாதவர் என்பதால், அவர் விட்டுச்சென்ற எல்லாவற்றுக்கும் பொறுப்பு தாயிடம் வந்தது. இன்னொருவர் உரிமை கோர இடமில்லை. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த ஹவில்தார் பழனி மணமானவர். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரில் அவர் கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசம் அவர் இல்லாமல்தான் நடந்தது. அடுத்த சில நாள்களில் மரணச் செய்தி வந்தது. தமிழக அரசு 20 லட்சம் ரூபாயும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் அறிவித்தது. 2021-இல் வீர் சக்ராவைப் பெற்றுக்கொண்டவர் மனைவி வானதி தேவி.

எல்லா வீடுகளிலும் இது சுமுகமாக முடிவதில்லை. சியாச்சினில் 2023-இல் தீ விபத்தில் இறந்த கேப்டன் அன்ஷுமான் சிங்குக்கு, மறு ஆண்டு கீர்த்தி சக்ரா வழங்கப்பட்டபோது மனைவியும் தாயும் சேர்ந்தே பெற்றுக்கொண்டார்கள். சில நாள்களில், நெருங்கிய உறவு குறித்த விதியை மாற்ற வேண்டும் என்று பெற்றோர் வெளிப்படையாகக் கேட்டார்கள். சமூக வலைதளங்களில் அந்த இளம்பெண்ணை மிக ஆபாசமாக ஏசினார்கள். தேசிய மகளிர் ஆணையம் காவல்துறைக்கு எழுத வேண்டிய அளவுக்கு அது போனது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களையும் கணவனைப் பறிகொடுத்தவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, தீர்ப்புச் சொல்லப் பொதுமக்கள் உட்கார்ந்துகொண்டார்கள்.

இளம் விதவைக்கு மறுமணம் என்றால் விதிகளே முகம் சுளித்த காலமும் உண்டு. வீர விருதுகளோடு மாதந்தோறும் வழங்கப்படும் படி, விதவை மறுமணம் செய்தால் நின்றுவிடும். இறந்தவரின் சகோதரனையே மணந்துகொண்டால் மட்டும் நிற்காது. யாரை மணக்கலாம் என்று பெண்ணுக்கு அரசாணை சொல்லிக்கொண்டிருந்தது. 2017 நவம்பரில்தான் பாதுகாப்பு அமைச்சகம் இந்த நிபந்தனையை நீக்கியது. அசோக் சக்ராவுக்கான மாதப் படி 12,000 ரூபாயாக உயர்ந்ததும் அதே ஆண்டில்தான். இனி யாரை மணந்தாலும் அந்தப் பெண்ணுக்கு அது தொடரும்.

அந்தத் திருத்தத்தின் நியாயத்தைப் பெற்றோருக்கும் நீட்டலாம். மனைவியின் ஓய்வூதியத்தைப் பிய்த்துக் கொடுக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. சிறு குழந்தையோடு நிற்பவருக்கு அது முழுதாகப் போகட்டும். மாநில அரசுகள் தனியே அறிவிக்கும் கருணைத் தொகையில் மகனை நம்பியிருந்த தாய் தந்தைக்கும் ஒரு பங்கை ஆணையிலேயே எழுதிவிடலாம். கடமையில் உயிரிழக்கும் காவலர்களுக்கான நிதியை மனைவிக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி என்று பிரிக்க மத்தியப் பிரதேச அரசு 2024-இல் முடிவெடுத்தது. பாதிக்குப் பாதி சரியான அளவா என்பது விவாதத்துக்கு உரியது. ஆனால் அளவை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வீட்டுக்குள் பணப்பேச்சு எழாது. சேரும்போது ஒருமுறை, மணமானதும் ஒருமுறை, குழந்தை பிறந்ததும் ஒருமுறை வாரிசு நியமனப் படிவங்களைப் புதுப்பிப்பதைப் படைப்பிரிவுகளும் கட்டாயமாக்கலாம்.

டிசம்பர் 7 கொடிநாளுக்குத் தாம்பரம், ஊரப்பாக்கம் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் காசு கேட்டு வாங்கிப் போய்க் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் முன்னாள் படைவீரர்களின் நலனுக்கும் இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கும் போகிறது. மக்கள் தங்கள் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெற்றோருக்கான பங்கை வரையறுக்கும் ஆணையைப் பிறப்பிக்கச் சென்னைக் கோட்டை டெல்லியின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.