பேசோர் ஆற்றங்கரையில் தங்கினவர்களின் பங்கு



நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் குளிர்காலம் என்றால் மார்கழிப் பனியும் ஒரு கம்பளிப் போர்வையுமே. கொள்ளிடக் கரையோரம் சம்பா நெல் முற்றி நிற்கும். பெரம்பலூர்க் காடுகளில் மக்காச்சோளம் காய்ந்து, பருத்தி வெடித்திருக்கும். ஆகவே நம்மவர்க்கு அது ஓயாத உழைப்பின் காலம். ஐரோப்பாவின் வடபுறத்தில் வாழ்வோருக்கோ அது உயிரையே சோதிக்கும் காலமாயிருந்தது. நுரையீரல் நோயாளிகளும் வாதநோயாளிகளும் அந்தக் குளிருக்குத் தப்பி, வெயில் காயும் மத்தியதரைக் கடலோரத்தில் மாதக்கணக்காய்த் தங்கினார்கள்.

பிரான்சு தேசத்தில், இத்தாலியின் எல்லையை ஒட்டி மென்டோன் என்னும் சிற்றூர் இருக்கிறது. வடக்கே மலைகள் வாடைக்காற்றை மறிக்கின்றன, தெற்கே கடல். எலுமிச்சை மரங்கள் செழிக்கும் அவ்வூருக்கு 1859-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹென்றி பென்னட் என்ற ஆங்கில மருத்துவர் காசநோயோடு சென்றார். தமக்கு மரணம் நெருங்கிவிட்டது என்று எண்ணிச் சென்றவர் அங்கே தேறினார். அதைப்பற்றி அவர் எழுதிய நூலே பல நோயாளிகளை அக்கரைக்கு அழைத்தது.

அவ்விதமாய்ச் சென்றவர்களில் ஒருவரை நம்மில் அநேகர் அறிவோம். லண்டன் மாநகரில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த சார்லஸ் ஸ்பர்ஜன் அவர்களே அவர். கீல்வாதமும் சிறுநீரக நோயும் மனச்சோர்வும் அவரை வாட்டின. 1870-களிலிருந்து அவர் பல குளிர்காலங்களை மென்டோனில் கழித்தார். அங்கும் எழுதினார், ஞாயிறுதோறும் தம் அறையில் சிலரைக் கூட்டித் திருவிருந்து நடத்தினார். எனினும் வெயிலில் அமர்ந்து உடல் தேறுவதற்கென்றே அவர் சென்றார். அதை அவர் மறைக்கவுமில்லை, அதற்காக நாணவுமில்லை.

அவர் இளைப்பாறும்படி மற்றவர்கள் பாரம் சுமந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அவருடைய சகோதரர் ஜேம்ஸ் உடன்போதகராயிருந்து சபையைக் கவனித்தார். 1891-ஆம் ஆண்டு அக்டோபர் மாத முடிவில் ஸ்பர்ஜன் கடைசி முறையாகப் புறப்பட்டபோது, அமெரிக்கப் போதகர் ஆர்தர் பியர்சன் அவருடைய பிரசங்க பீடத்தில் நின்றார். நெடுங்காலம் நோயுற்று வீட்டோடு இருந்த அவருடைய மனைவி சூசன்னா அம்மையார் அம்முறைதான் அவரோடு மென்டோனுக்குச் செல்லக் கூடிற்று. 1892-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், ஐம்பத்தேழு வயதில், ஸ்பர்ஜன் அங்கேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

1891 ஜூன் 7-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை அவர் தம் சபையில் செய்த பிரசங்கமே அந்தப் பீடத்தில் அவருக்குக் கடைசியாயிற்று. அன்று அவர் எடுத்த வேதபகுதி 1 சாமுவேல் 30-ஆம் அதிகாரத்தில் உள்ளது. அமலேக்கியர் சிக்லாகைக் கொளுத்திப் பெண்களையும் பிள்ளைகளையும் சிறைப்பிடித்துப் போனார்கள். தாவீது அறுநூறு பேரோடு அவர்களைப் பின்தொடர்ந்தான். பேசோர் ஆற்றண்டையில் இருநூறு பேர் களைத்துப்போய், ஆற்றைக் கடக்கக் கூடாமல் ரஸ்துக்களோடு தங்கிவிட்டார்கள். மற்ற நானூறு பேர் போரிட்டு எல்லாவற்றையும் மீட்டு வந்தார்கள். தங்கினவர்களுக்கு மனைவி மக்களைத் திருப்பிக் கொடுத்தால் போதும், கொள்ளையில் பங்கு கூடாது என்று சிலர் வாதாடினார்கள். தாவீது இசையவில்லை. போருக்குப் போனவனுக்கும் பின்னே தங்கினவனுக்கும் சரிபங்கு என்பதை இஸ்ரவேலுக்குப் பிரமாணமாக்கினான்.

களைத்தவனுக்கு அனுதாபம் காட்டுவது எளிது. தாவீது அவனுக்குப் பங்கு கொடுத்தான். இந்த வேறுபாட்டைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நம் ஊர்களைப் பாருங்கள். அரியலூரின் சிமெண்ட் ஆலையில் தொழிலாளர் அரசு காப்பீட்டுக்கு உட்பட்டு வேலை செய்கிறவர் நோயுற்றால், உரிய நிபந்தனைகளின்படி, ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் எழுபது விழுக்காடு உதவியாய்க் கிடைக்கும். சட்டம் அவருக்கு ஒரு சிறு மென்டோனை வைத்திருக்கிறது. பருத்தி எடுக்கிற, சின்ன வெங்காயம் அறுக்கிற, நாற்று நடுகிற நம் சகோதரிக்கு அது இல்லை. அவள் காய்ச்சலாய்ப் படுத்த அன்றே கூலி நின்றுவிடுகிறது. மருத்துவர் ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னால் அது அவளுக்கு ஒரு வாரப் பட்டினி. ஆகவே மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாள் காட்டுக்குப் போகிறாள். ஞாயிறன்று நாம் அவளுக்காக ஜெபிக்கிறோம், அதுவும் வேண்டியதே. ஆனால் அவள் படுத்திருந்த நாளின் அரிசிக்கு வழி சொல்லாத ஜெபம் பாதியில் நிற்கிறது என்பதே என் எண்ணம்.

இப்படிக் கொடுத்தால் சோம்பல் வளரும் என்று சிலர் சொல்லக்கூடும். வேலை செய்ய மனதில்லாதவனைக் குறித்துப் பவுல் தெசலோனிக்கேயருக்குக் கண்டிப்பாய் எழுதினார். அவர் கண்டித்தது மனதில்லாதவனை. பேசோரில் தங்கினவர்களோ பெலனில்லாதவர்கள். மேலும், அறுநூறு பேரும் அதுவரை சேர்ந்தே நடந்துவந்தார்கள். அந்த இருநூறு பேரின் களைப்பே அவர்கள் நடந்த தூரத்துக்குச் சாட்சி. முப்பது ஆண்டு குனிந்து களை பறித்தவளின் இடுப்பு வலியைச் சோம்பல் என்பது நியாயமல்ல. ஒரு சிறிய சபையில் யார் உண்மையாய் நோயுற்றிருக்கிறார் என்பதை அறிவதும் கடினமல்ல.

ஆகவே ஒரு யோசனையை உங்கள் முன் வைக்கிறேன். அறுப்பின் பண்டிகையில் நெல்லும் சோளமும் வெங்காயமும் காணிக்கையாய் வருகின்றன. அவற்றை ஏலம் விடுகிறோம். அந்தத் தொகையில் ஒரு பகுதியை 'பேசோர் பங்கு' என்று தனியே வைப்போம். சபையில் கூலிக்குப் போகிறவர் நோயால் படுத்தால், அந்நாட்களின் கூலியில் இயன்ற அளவை அதிலிருந்து கொடுப்போம். அவர் வந்து கேட்கும்வரை காத்திராமல் மூப்பர்கள் வீட்டிற்கே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். பிரசவித்த தாய்க்கும், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பேணுவதற்காக வேலையை விட்ட மருமகளுக்கும் அது உரியதாகட்டும். பெறுகிறவர்களின் பெயர் ஆலயத்தில் வாசிக்கப்பட வேண்டாம். அது தர்மமாயிருந்தால் ஒருவேளை அறிவிக்கலாம். பங்கு என்றால் அறிவிப்பு எதற்கு?

நம்மில் எவரும் மத்தியதரைக் கடலோரத்தில் மூன்று மாதம் தங்கப் போவதில்லை. அதற்கு அவசியமும் இல்லை. நமக்கு வெயில் ஏராளமாய் இருக்கிறது. இல்லாதது, கூலி போய்விடுமே என்ற பயமின்றி ஒரு வாரம் படுத்துத் தேறும் வசதியே. அதை நாம் ஒருவருக்கொருவர் கொடுக்க முடியும். இன்று ஆற்றைக் கடக்கிற நாம் நாளை கரையில் தங்க நேரிடும். அன்று நமக்கும் அந்தப் பங்கு வேண்டும்.

இளைப்பாறுதல் தருகிற கர்த்தர்தாமே இதைக் குறித்து உங்கள் இருதயங்களில் பேசுவாராக. ஆமென்.