தந்தை ஒளிய மகவு பழிசுமப்பதா?

கனகசெட்டிக்குளத்தை 1954 வரை ஆண்ட பிரஞ்சியர்தம் 1804-ஆம் ஆண்டுக் குடியியற்சட்டம், மணவா உறவிற் பிறந்த மகவு தன் தந்தை இன்னானென வழக்கிட்டு நிறுவுதலையே தடுத்தது. 1912-இல்தான் அத்தடை சற்றே தளர்ந்தது. பெற்றவன் ஒளிந்துகொள்ள, பிறந்தது பழிசுமந்தது!

மணமாகாத் தாய் உறுதியாவணம் தந்தாலே பிறப்புச்சான்று வழங்கவேண்டுமென, இந்திய உச்சநயன்மன்றம் 2015-இல் தீர்த்தது. நன்று. ஆயினும் அது தாயைக் காத்த தீர்ப்பே; தந்தையை வெளிக்கொணர்ந்த தீர்ப்பன்று. முன்னாள் முதலமைச்சர் நாராயண தத்த திவாரியின் குருதியெடுத்து மரபணு ஆய்ந்த பின்னரே, 2012-இல், மகனின் கூற்று மெய்யாயிற்று. அவன் வழக்குத் தொடுத்ததோ 2008-இல். தலைநகரில் வழக்காட வல்லவனுக்கே நான்காண்டு! நம் மீனவக் குப்பத்து ஏழைப்பெண் எந்த வழக்கறிஞரை அமர்த்துவாள்?

அவ்வாய்வின் செலவை அரசே ஏற்கட்டும். ஆசிரியத் தோழரே! தாயின் பெயரெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டுவரும் பிள்ளையிடம், "அப்பன் யார்?" என வகுப்பறையில் வினவற்க.