கை தூக்கியவர்களின் சட்டவிதி

கட்சிச் சட்டவிதி என்று பேச்செடுத்தாலே நம் தலைமுறைக்குக் கொட்டாவி வருகிறது. இனவாதம், ஊழல், தமிழ்ப்பள்ளி என்று விடிய விடிய ஃபேஸ்புக்கில் சண்டை போடுவோம். ஆனால் ஒரு கட்சிக்குள் யார் ஓட்டுப் போடலாம், யாரை யார் நீக்கலாம், அந்த விதியை யார் மாற்றலாம் என்று கேட்டால், 'அது அவங்க வீட்டு விவகாரம்' என்று நகர்ந்துவிடுவோம். அந்த வீட்டிலிருந்துதான் நமக்கு அமைச்சர்கள் வருகிறார்கள் என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

என் குற்றச்சாட்டு இதுதான்: மலேசியாவில் கட்சியின் சட்டவிதி உறுப்பினரைக் காப்பதில்லை. வேண்டாதவரை வெளியே தள்ளும்போது அது இரும்பு. வேண்டியவரை உள்ளே வைத்துக்கொள்ளும்போது அது ரப்பர்.

நமக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். ம.இ.கா.வின் 2013 தேர்தலில் குளறுபடி என்று புகார்கள் போயின. 2014 டிசம்பரில் சங்கப் பதிவிலாகா, உதவித் தலைவர், மத்தியச் செயலவைப் பதவிகளுக்கு மறுதேர்தல் நடத்தச் சொன்னது. அப்போதைய தேசியத் தலைவர் ஜி.பழனிவேல் தரப்பு பதிவிலாகாவின் முடிவை எதிர்த்து நீதிமன்றம் போனது. 2015 ஜூனில் வழக்குத் தள்ளுபடியானது. உடனே கட்சியின் 91ஆவது விதியை எதிர்த்தரப்பு தூசு தட்டி எடுத்தது. கட்சிக்குள் இருக்கும் வழிகளை எல்லாம் முயன்று பார்க்காமல் நீதிமன்றம் போகிறவர் தானாகவே உறுப்பினர் தகுதியை இழக்கிறார் என்பது அதன் சாரம். 'தானாகவே' என்ற சொல்லைக் கவனியுங்கள். இதற்கு விசாரணையும் தேவையில்லை, வாக்கெடுப்பும் தேவையில்லை. தலைவர் கட்சி உறுப்பினரே இல்லை என்றானது. துணைத் தலைவர் டாக்டர் எஸ்.சுப்பிரமணியம் இடைக்காலத் தலைவரானார், பதிவிலாகாவும் அதை ஏற்றது.

பழனிவேல் நல்ல தலைவரா என்பது வேறு விவாதம். அவருக்காக நான் கண்ணீர் விடவில்லை. தேசியத் தலைவரையே ஒரு விதியைக் காட்டி வாசலுக்கு வெளியே நிறுத்த முடியும் என்றால், தோட்டத்திலிருந்தோ தாமானிலிருந்தோ வரும் சாதாரணக் கிளை உறுப்பினரின் நிலைமை என்ன?

'நியாயம் வேணும்னா கோர்ட்டுக்குப் போகலாமே' என்பீர்கள். சங்கச் சட்டத்தின் 18சி பிரிவைப் படித்துப் பாருங்கள். கட்சியின் சட்டவிதிக்குக் கட்சி சொல்லும் பொருளே இறுதி, உள்விவகாரத்தில் கட்சி எடுக்கும் முடிவை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்கிறது அது. இந்தப் பிரிவு சும்மா வரவில்லை. 1987 அம்னோ தேர்தலில் மகாதீர் 43 வாக்குகளில் தெங்கு ரசாலியை வென்றார். பதிவு பெறாத 30 கிளைகள் அதில் பங்கெடுத்ததாக வழக்குப் போனது. 1988 பிப்ரவரியில் அம்னோவே சட்டவிரோதச் சங்கம் என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆளும் கட்சி அன்று கற்ற பாடம், கிளைகளை ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும் என்பதல்ல. உறுப்பினருக்கு நீதிமன்றக் கதவைச் சாத்த வேண்டும் என்பதுதான்.

ஆக, உள்ளே கட்சி, வெளியே பதிவிலாகா. பதிவிலாகா யார் கையில்? உள்துறை அமைச்சின் கீழ். அமைச்சர் யார்? இன்னொரு கட்சிக்காரர். 2023 ஜனவரியில் அம்னோ பேராளர்கள் தலைவர், துணைத் தலைவர் பதவிகளுக்குப் போட்டியே வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அது சட்டவிதிப்படி சரியா என்று கேள்வி எழுந்ததும், கூட்டணி அரசின் உள்துறை அமைச்சர் மார்ச்சில் அந்தக் கட்சிக்குச் சங்கச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்தார். ஆட்டக்காரர்களில் ஒருவரே நடுவராக நின்றால் விசில் இப்படித்தான் ஊதப்படும்.

எதிர்க்கட்சியாக இருந்தவர்களும் சுத்தமில்லை. ஜ.செ.க.வின் 2012 மத்தியச் செயற்குழுத் தேர்தலில் வாக்குத் தொகுப்பில் பிழை என்று சில வாரம் கழித்து அறிவித்தார்கள், வென்றவர் பட்டியல் மாறியது. 2013இல் மறுதேர்தல், பதிவிலாகா விடாமல் பிடித்ததில் 2017இல் இன்னொரு மறுதேர்தல். பி.கே.ஆர். 2010இல் 'ஒரு உறுப்பினர், ஒரு வாக்கு' என்று பெருமையாக ஆரம்பித்தது. 2025இல் மத்தியத் தலைமைத்துவத்துக்குப் பேராளர்கள்தான் வாக்களித்தார்கள். சாதாரண உறுப்பினரிடம் கொடுத்த ஓட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு திருத்தம் போதுமாக இருந்தது.

நான் கட்டுமானத் துறையில் பொறியாளர். எங்கள் வரைபடத்தில் ஒரு குழாயை அரை அடி நகர்த்தினாலும் ஓரத்துக் கட்டத்தில் எழுத வேண்டும்: எத்தனையாவது திருத்தம், என்ன தேதி, என்ன மாறியது, யார் கையெழுத்து. மாறிய இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு கோடு போடுவோம், தளத்தில் இருக்கிறவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. ஒரு கழிவறைக் குழாய்க்கு இருக்கும் இந்த மரியாதை கட்சி உறுப்பினரின் உரிமைக்கு இல்லை.

என் மாமா ஒரு கட்சியில் இருபது வருஷமாகக் கிளை உறுப்பினர். ஒருமுறை பேராளராகவும் போயிருக்கிறார். சட்டவிதியைப் பார்த்திருக்கீங்களா மாமா என்று கேட்டேன். "கிளைத் தலைவர்கிட்ட இருக்கும்பா. மாநாட்டுல திருத்தம்னாங்க, கையத் தூக்கச் சொன்னாங்க, தூக்கினோம்." என்ன திருத்தம்? "அது ஞாபகம் இல்ல. சாப்பாட்டு நேரம் ஆயிருச்சு."

ஏகமனதாக நிறைவேறியது என்று மறுநாள் பத்திரிகையில் வருவது இதைத்தான்.

கட்சிக்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: ஆளாளுக்குக் கோர்ட்டுக்குப் போனால் கட்சி நடத்த முடியுமா, கட்டுப்பாடு வேண்டாமா? வேண்டும். ஆனால் கட்டுப்பாடு என்பது கிளை உறுப்பினருக்கும் தலைவருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். உள்ளே நேர்மையான விசாரணை இருந்தால் வெளியே போக யாருக்கும் ஆசையில்லை. அது இல்லாமல் கதவை மட்டும் சாத்துவது ஆளை உள்ளே வைத்துப் பூட்டும் வேலை.

கேட்க வேண்டியவை எளிமையானவை. தமிழ் உறுப்பினர்களை நம்பி நடக்கும் கட்சி சட்டவிதியைத் தமிழிலும் வெளியிட வேண்டும். திருத்தம் வந்தால் பழைய வரியும் புதிய வரியும் பக்கத்தில் பக்கத்தில், மாநாட்டுக்குப் பல வாரம் முன்பே கிளைக்குப் போக வேண்டும். பதவியில் இருப்பவரின் தவணையை நீட்டும் எந்தத் திருத்தமும் அவருக்குப் பொருந்தக் கூடாது, அடுத்து வருபவருக்கே பொருந்த வேண்டும். 18சி பிரிவு நீக்கப்பட வேண்டும். பதிவிலாகா அமைச்சரின் கையிலிருந்து விடுபட வேண்டும்.

இது கட்சிக்காரர்களுக்கு மட்டும் சொல்வது இல்லை. நாம் உறுப்பினராக இருக்கும் கோயில் நிர்வாகம், எழுத்தாளர் அமைப்பு, வாசகர் வட்டம் பலவும் அதே 1966 சங்கச் சட்டத்தின் கீழ்தான் பதிவாகியிருக்கின்றன. அவற்றுக்கும் ஒரு சட்டவிதி உண்டு, அதையும் யாரோ ஒருவர் பையில்தான் வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கும் முன்னால் அந்தத் தாளைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.