பிழையும் ஓர் ஆசான்

எங்கள் ஜலகண்டாபுரம் நெசவாளர் மிகுந்த ஊர். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்துவர். அறுந்த இடத்தைத் தேடி முடிச்சிட்ட பின்னரே மேலே நெய்வர். பிழையைக் கண்டு நிற்றல் தொழிலுக்கு அழகு. அறிவியலுக்கும் அதுவே அழகு என்பதற்குக் குருதிக்குழாய் பற்றிய ஓர் ஆராய்ச்சி தக்க சான்றாகும்.

குருதிக்குழாயின் உட்புறத்தே மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதனை வெறும் உறை என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் கருதினர். அமெரிக்க அறிஞர் இராபர்ட் பர்ச்காட், முயலின் பெருந்தமனியைக் கீற்றாக நறுக்கி, அதன்மீது அசிட்டைல்கோலின் என்னும் பொருளின் செயலை ஆராய்ந்தார். உயிருள்ள உடலில் குழாயை விரிக்கும் அப்பொருள், அவர்தம் சோதனையில் குழாயைச் சுருக்கியது. இம்முரண் பல்லாண்டு விளங்கவில்லை. 1978ஆம் ஆண்டில் உதவியாளர் ஒருவர் சோதனையின் முறை தவறினார். அன்று, சுருங்க வேண்டிய குழாய் விரிந்தது! "தவறிய சோதனைதானே" என்று பர்ச்காட் அதனை ஒதுக்கினாரல்லர், காரணத்தைத் தேடினார். நறுக்கும்போது உட்படலம் உரசித் தேய்ந்தமையே பழைய முரணுக்குக் காரணம் எனக் கண்டு, 1980இல் வெளியிட்டார். குழாய்க்கு விரியுமாறு ஆணையிடுவது அப்படலமே! அவ்வாணையைச் சுமக்கும் தூது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1998இல் அவரும், லூயி இக்னாரோ, பெரிட் முராட் ஆகிய இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

அத்தூதுக்குப் பகையும் உண்டு. நாம் உயிர்க்கும் ஆக்சிஜனே ஓர் எலெக்ட்ரானை மிகுதியாகப் பெற்றால் சூப்பராக்சைடு ஆகித் தூதை வழியிலேயே அழித்துவிடும்; குழாயின் விரியும் ஆற்றல் குன்றும். புகைபிடித்தல் இப்பகையை வளர்க்கும். படலம் மெல்லியதேயாயினும் அதனைக் காத்தல் நம் கடன்.

இனி நம் நிலையை எண்ணுவோம். சோதனைச்சாலையில் தாம் கண்ட அளவு நூலில் உள்ள அளவோடு பொருந்தாவிடில், அதனை அழித்துத் திருத்தி எழுதும் மாணவர் உளர். மதிப்பெண் பற்றிய அச்சமே இதற்குக் காரணம். அவ்வச்சத்தை வளர்த்தவருள் யானும் ஒருவன். பிழையைச் சிவப்பு மையால் சுழித்தேனேயன்றி, "ஏன் இவ்வாறு எழுதினாய்?" என்று வினவியது மிகச் சிலபோதே.

எல்லாப் பிழையும் புதுமை காட்டுமோ எனின், காட்டாது. பல பிழைகள் வெறும் கவனக்குறைவே. ஆயினும் எது எத்தகையது என்பது ஆராய்ந்தாலன்றி விளங்காது. அழித்துவிட்டால் ஆராய்வதற்கும் ஒன்றுமிராது. ஆதலின் மாணவர்களே, கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள், பொருந்தாதது எதுவோ, அதனருகே நின்று, "ஏன்?" என்று கேளுங்கள்.