ஒரு சோறு பதம்

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பர் நம் முன்னோர். தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டிகளுக்கும் அப்படி ஒரு சோறு இருந்தது. அதுவே 'டெமோ டிஸ்க்' எனப்பட்ட மாதிரித் தட்டு.

1995ஆம் ஆண்டு ஐரோப்பாவில் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்தபோது, 'டெமோ ஒன்' என்னும் தட்டும் உடன் வந்தது. சில ஆட்டங்களின் சிறு பகுதிகள் அதில் இருந்தன. கூடவே ஒரு டைனோசர். பொத்தானை அழுத்தினால் அசையும். அதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. புதிய பெட்டி எதை வரைய வல்லது என்று காட்டுவதே அதன் வேலை.

இன்று அத்தட்டை மீண்டும் ஓட்டினால் உருவங்கள் கரடுமுரடாகத் தோன்றும். "இலவசமாக வந்த பழம்பொருள் இனி எதற்கு?" என்பர் சிலர். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இதை ஏற்பதற்கில்லை.

1997இல் சோனி 'நெட் யாரோஸ்' என்னும் கறுப்புப் பெட்டியை ஐரோப்பாவில் விற்றது. ஆர்வலர்கள் அதைக் கொண்டு வீட்டிலிருந்தே ஆட்டங்களை உருவாக்கினர். அவற்றுள் பல கடைக்கு வரவே இல்லை. இங்கிலாந்தில் பிளேஸ்டேஷன் இதழோடு வந்த இலவசத் தட்டுகளின் வழியாகவே மக்களைச் சேர்ந்தன. தட்டை எறிந்தால் அவர்களுடைய உழைப்பும் குப்பைக்குப் போகுமன்றோ?

விலை வேறு, மதிப்பு வேறு. நூலகங்கள் பழைய நூல்களைப் பேணுவதுபோல, கீறல் விழுந்து கெடுமுன் இத்தட்டுகளையும் பேண வேண்டும். நம் ஆண்டு மலரும் கடையில் விற்பதன்று. அதனால் இதை எறிந்துவிடுவோமா, தோழியரே?